இரண்டு ஓட்டங்களும் மூன்று மௌனங்களும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் உரையாற்ற அழைத்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருளை நான் எடுத்துக்கொள்வேன் என்றே செயலாளர் எதிர்பார்த்திருப்பார். 'இரண்டு பேசாப் படங்கள்' என்று நான் சொன்னதும் அவர் சற்றுத் தயங்கினார். "கவிஞர்கள் கூடும் அவையாயிற்றே, அம்மா" என்றார். கவிஞர்கள் கூடும் அவை என்பதனாலேயே இப்பொருளை எடுத்தேன் என்று அவருக்கு விடை கூறினேன். அந்த விடையை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு இப்போது எனக்கு இருக்கிறது. அதனோடு பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. அதை உரையின் முடிவில் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட படங்கள் இரண்டும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. ஒன்று, 1924ஆம் ஆண்டு வெளிவந்த 'கேர்ள் ஷை'. பெண்களைக் கண்டால் கூசி ஒடுங்கும் ஓர் இளைஞனின் கதை. காதல் நகைச்சுவைப் படம். ஃப்ரெட் நியூமேயர், சாம் டெய்லர் ஆகிய இருவரும் இயக்க, ஹெரால்டு லாயிட் நடித்தது. மற்றொன்று, 1925ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'டம்பிள்வீட்ஸ்'. குதிரையும் துப்பாக்கியும் மாட்டு மந்தையும் வருகின்ற, நாம் 'கௌபாய் படம்' என்று அழைக்கும் வகையைச் சார்ந்தது. கிங் பேகட் இயக்க, வில்லியம் எஸ். ஹார்ட் நடித்தது. ஓராண்டு இடைவெளியில் வந்த இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. நம் இலக்கண வழக்கில் சொன்னால் ஒன்று அகம், மற்றொன்று புறம். ஆயினும் இரண்டின் உச்சமும் ஓர் ஓட்டம்; இரண்டிலும் ஓடுகின்றவன் சொல் தோற்ற ஒருவன். இந்த ஒற்றுமையே என்னைச் சிந்திக்க வைத்தது.

நா எழாதவன்

முதலில் 'கேர்ள் ஷை'. லிட்டில் பெண்ட் என்னும் சிற்றூரில் தன் மாமாவின் தையற்கடையில் தொழில் பழகும் ஹெரால்டு மெடோஸ் என்னும் இளைஞன் கதைத் தலைவன். அவனுக்குத் திக்குவாய். பெண் ஒருத்தி எதிரில் வந்து நின்றால் போதும், சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். அருகில் எங்கேனும் விசில் ஒலித்தால் மட்டும் சிக்கல் அவிழ்ந்து சொல் வெளிப்படும்.

பேசாப் படத்தில் ஒரு திக்குவாயன்! எவருமே பேசாத உலகில் பேச முடியாத ஒருவனை எப்படிக் காட்டுவது? அங்கே எல்லாரும் வாயசைக்கிறார்கள்; எவர் குரலும் நமக்குக் கேட்பதில்லை. ஆனால் ஹெரால்டு வாய் திறக்கும்போது மட்டும், கேட்காத அந்தக் குரலிலேயே ஒரு குறையை நாம் உணர்கிறோம். உதடு குவிகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் கெஞ்சுகிறது, உடல் முழுவதும் ஒற்றைச் சொல்லுக்காக முன்னே சாய்கிறது. ஏனையோரின் மௌனம் கருவியின் குறை. இவனுடைய மௌனம் இவனுடைய துன்பம். மௌனத்துக்குள் மற்றொரு மௌனத்தை லாயிட் தம் உடலால் வரைந்து காட்டிவிடுகிறார். உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதனை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியவர் தொல்காப்பியர். வகுப்பில் மெய்ப்பாட்டியலை விளக்க நான் பட்டபாட்டில் பாதி, இப்படத்தின் முதற் பத்து நிமிடங்களைக் காட்டியிருந்தால் குறைந்திருக்கும்.

பெண்ணிடம் பேச இயலாத இவன் இரவில் என்ன செய்கிறான் தெரியுமா? நூல் எழுதுகிறான். பெண்களின் மனத்தை வெல்லும் வழிகளை வகைவகையாக விளக்கும் நூல்! காதலில் ஒருமுறையும் வாய் திறவாதவன், ஏட்டில் உலகத்துக் காதலர்க்கெல்லாம் ஆசான். இங்கு அமர்ந்திருக்கும் கவிஞர்கள் சிலர் புன்னகைப்பதை நான் காண்கிறேன். அந்தப் புன்னகைக்கு விளக்கம் தேவையில்லை.

கையெழுத்துப் படியைப் பதிப்பாளரிடம் தர நகரத்துக்கு ரயிலில் புறப்படும் அவன், மேரி என்னும் செல்வர் வீட்டுப் பெண்ணைச் சந்திக்கிறான். அவள் கையில் ஒரு சிறு நாய்க்குட்டி. ரயிலில் நாய்க்கு இடமில்லை. அதனை ஒளித்துவைக்க அவன் உதவுகிறான். அருகருகே அமர்ந்து தன் நூலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் திக்குவாய் மெல்ல மெல்ல அவனை விட்டகல்கிறது. கேட்பவள் எள்ளி நகையாடாமல் ஆர்வத்தோடு கேட்கிறாள் என்பதைத் தவிர அங்கு வேறு மருந்து ஏதுமில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இவ்விடத்துக்குத் திரும்ப வருவேன்.

பதிப்பகத்தார் அந்நூலைப் படித்து வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். நூலாசிரியன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிரிப்பு நிகழ்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன் என்பர். எள்ளல் வழிப் பிறக்கும் நகை எதிரே நிற்பவனிடத்தில் இளிவரலாக மாறிவிடுவதனை இக்காட்சியில் கண்கூடாகக் காணலாம். நாமும் அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போது நம் சிரிப்பு நமக்கே சுடுகிறது.

நூல் தோற்றது, பொருளில்லாதவன் செல்வர் மகளை மணப்பதெப்படி? அவளை விலக்க வேண்டி, 'உன்னோடு பழகியதெல்லாம் என் நூலுக்காகச் செய்த சோதனை' என்று பொய் சொல்கிறான். கவனியுங்கள்: வாழ்நாளெல்லாம் மெய்யைச் சொல்ல நா எழாதவனுக்குப் பொய் சொல்லும்போது மட்டும் நா தடையின்றி எழுகிறது. இப்படத்தின் மிகக் கசப்பான உண்மை இதுவே என்பது என் கருத்து.

பின்னர்ப் பதிப்பாளர் மனம் மாறுகிறார். நூலை நகைச்சுவை நூலாக, ஒரு மடையனின் நாட்குறிப்பு என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட முடிவுசெய்து 3,000 டாலர் காசோலை அனுப்புகிறார். மறுப்புக் கடிதம் என்றெண்ணி உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுகிறான் ஹெரால்டு. கிழிந்த துண்டுகளில் காசோலை கண்டறியப்படுகிறது. உள்ளன்போடு எழுதிய நூல் கேலி நூலாக விற்கப்படுகிறது. படைப்பாளனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டோ? ஆனால் அதனை விழுங்கிக்கொள்கிறான், மேரிக்காக.

அவளுக்கோ அன்றே திருமணம். மணமகனாக நிற்பவன் ஏற்கெனவே மணமானவன் என்று ஹெரால்டுக்குத் தெரியவருகிறது. ஓடத் தொடங்குகிறான். ரயிலைத் தவறவிடுகிறான்; மோட்டார் வண்டி, குதிரை, டிராம், தீயணைப்பு வண்டி, மோட்டார் சைக்கிள், இறுதியில் குதிரைகள் பூட்டிய வண்டி என ஊர்திகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1919ஆம் ஆண்டு படப்பிடிப்புக்கான வெடி ஒன்று கையிலேயே வெடித்ததில், வலக்கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இழந்தவர் லாயிட். அந்தக் குறையைக் கையுறையால் மறைத்துக்கொண்டு நடித்தவர் அவர் என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த ஓட்டத்தில் சிரிப்பும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன.

மணப்பந்தலை அடைந்துவிட்டான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். வாய் திறக்கிறான், வரவில்லை. ஊரையே கடந்துவந்தவனால் ஒரு வாக்கியத்தைக் கடக்க முடியவில்லை. ஆகவே மணமகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான்.

இந்த இடத்தில் ஒரு பெண் என்ற முறையில் எனக்கு ஒரு தடை எழுந்தது. நம் அகமரபில் உடன்போக்கு என்பது தலைவி விரும்பி உடன் நடப்பது, தூக்கிச் செல்லப்படுவதன்று. இவளை யார் கேட்டார்கள்? வியப்பு என்னவெனில் படமும் அதே வினாவை எழுப்பிக்கொள்கிறது. தூக்கிவந்ததோடு கதையை முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. வெளியே வந்த பின் அவளை இறக்கிவிட்டு, என்னை மணப்பாயா என்று அவன் கேட்க முயல்கிறான். மறுபடியும் திக்குகிறது. அவ்வழியே வந்த தபால்காரர் விசிலை ஊதுகிறார், சொல் பிறக்கிறது. ஓட்டம் சொல்லின் இடத்தை நிரப்பிவிடாது, கேட்க வேண்டியதைக் கேட்டே ஆகவேண்டும் என்பதை ஒரு நகைச்சுவைப் படம் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தது.

விடைபெறுகின்றவன்

இனிப் புறத்துக்கு வருவோம். 'டம்பிள்வீட்' என்பது வேர் அறுந்து, காய்ந்து, பந்துபோல் காற்றில் உருண்டோடும் புல்வெளிச் செடி. நம் கடற்கரை மணலில் உருண்டோடும் இராவணன் மீசையை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையான வீடின்றி மந்தைகளோடு அலைந்த மாட்டுக்காரர்களுக்கு அப்பெயர் இப்படத்தில் ஆகிவந்தது.

கதைக்களம் வரலாற்றில் உள்ளது. கான்சாஸ் மாநிலத்தின் தெற்கெல்லையை ஒட்டி, இன்றைய ஓக்லஹோமாவில் 'செரோக்கி ஸ்டிரிப்' என்று வழங்கிய நிலப்பரப்பு ஒன்று இருந்தது. மேய்ச்சல் நிலமாய் இருந்த அதனை அமெரிக்க அரசு குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. 1893ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் நண்பகலில் அடையாள ஒலி எழுந்ததும், எல்லைக்கோட்டில் காத்திருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் பாய்ந்தோடினர். எவர் முந்தி முளை அடிக்கிறாரோ அவருக்கு 160 ஏக்கர். குறித்த நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக நுழைந்தவரைச் 'சூனர்' என்று இகழ்ந்தனர்.

இந்நிலத்தை மேய்ச்சலுக்குப் பயன்படுத்திய பண்ணை ஒன்றின் மாட்டுக்காரர் தலைவன் டான் கார்வர். அரசாணைப்படி மந்தைகள் வெளியேறுகின்றன. மேட்டின்மீது குதிரைகளை நிறுத்தி, மந்தை போவதைத் தோழர்களோடு பார்க்கிறான் கார்வர். மேற்கு என்பது இத்தோடு முடிந்தது என்று ஒரு வரி திரையில் தோன்றுகிறது. எல்லாரும் தொப்பியைக் கழற்றுகின்றனர். அவ்வளவே. இழவு வீட்டில் நிற்கும் அமைதி அது. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக 'அசைவு' கூறப்படும். முன்னைய நிலை குலைந்து தாழ்தல் என்று அதற்கு உரை காண்பர். ஒரு துளி கண்ணீரும் இன்றி அந்த அசைவைக் காட்டும் காட்சி இது.

தொல்காப்பியர் வஞ்சித் திணையை முல்லைக்குப் புறன் என்றார். பிறர் மண்மேல் கொண்ட வேட்கையால் எழும் படையெடுப்பு, ஆயரும் ஆநிரையும் வாழும் முல்லைக்கு ஏன் புறனாயிற்று என்பதற்கு உரையாசிரியர்கள் பல அமைதி கூறினர். இப்படத்தைக் கண்டபோது எனக்கு மற்றொரு பொருத்தம் தோன்றியது: மேய்ச்சல் நிலத்தின் அமைதியை இறுதியில் குலைப்பது மண்வேட்கையே. இதை இலக்கண விளக்கமாகச் சொல்லவில்லை; படம் பார்த்தவளின் உணர்வாகச் சொல்கிறேன்.

கார்வரும் பெண்ணிடம் பேசத் தெரியாதவன். மாலி லாசிட்டர் என்னும் பெண்ணைக் கண்டபின், அலைந்த வாழ்வை விட்டு நிலம் பெற்று நிலைக்க விரும்புகிறான். தவறிப்போன மாடுகளை ஓட்டிவர நிலத்துக்குள் சென்றவனைப் பகைவரின் சூழ்ச்சியால் 'சூனர்' என்று பிடித்து அடைத்துவிடுகின்றனர். நண்பகல் வருகிறது, பீரங்கி முழங்குகிறது, உலகமே ஓடுகிறது, அவன் மட்டும் வேலிக்குள் நிற்கிறான். பின்னர் ஒரு கழியை ஊன்றி வேலியைத் தாண்டிக் குதிக்கிறான். கடைசியாகப் புறப்பட்டவன் வண்டிகளுக்கும் புழுதிக்கும் இடையே ஒருவர்பின் ஒருவராகக் கடந்து முன்னேறுவதைக் கேமரா தொடர்ந்தோடுகிறது. ஹார்ட்டுக்கு அப்போது அறுபது வயது.

அவன் வென்றும் பயனில்லை. ஏமாற்றி முன்புகுந்தவன் என்ற பழியை மாலி நம்பிவிடுகிறாள். அவனோ தன் பக்கத்து நியாயத்தை விரித்துரைக்கத் தெரியாதவன். உண்மை வேறு வழியாக வெளிப்பட்டு இருவரும் இணைகின்றனர். இறுதியில், காற்றில் உருண்டுவந்த முட்செடிகள் முள்கம்பி வேலியில் மோதி நின்றுவிடுகின்றன. காதல் கைகூடிய மகிழ்ச்சியையும் ஒரு வாழ்க்கைமுறை மடிந்த துயரத்தையும் ஒரே காட்சியில் உணர்த்தும் இந்தக் குறிப்பை உள்ளுறை என்று அழைக்கத் தடையில்லை.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஆண் சொன்ன பொய்யைப் பெண் நம்புகிறாள். மற்றொன்றில் ஆண்மேல் பிறர் சொன்ன பொய்யை நம்புகிறாள். இரண்டிலும் சொல் பொய்க்கிறது. ஓட்டம் மெய்ப்பிக்க முயல்கிறது. ஒருவன் நகரத்தை நோக்கி ஓடுகிறான், மற்றவன் நகரம் இல்லாத வெளியில் ஓடுகிறான். இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்தப் பெருநில ஓட்டம் நடந்த அதே 1893ஆம் ஆண்டில்தான், நெப்ராஸ்கா என்னும் புல்வெளி மாநிலத்தில் லாயிட் பிறந்தார். புறத்தின் கதை முடிந்த ஆண்டில் அகத்தின் நடிகர் பிறந்தார் என்று ஒரு கவிஞர் சொல்லக்கூடும். நான் ஆசிரியை, ஆண்டு ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹார்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துக் குரலால் வாழ்ந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், 1914இல், குரலில்லாத திரைக்கு வந்தார். 'டம்பிள்வீட்ஸ்' படத்தோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். 1939ஆம் ஆண்டு இப்படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, அதன் முன்னுரையாகச் சில நிமிடங்கள் பேசினார். அப்போது அவருக்கு வயது 74. கலிபோர்னியாவில் நியூஹால் என்னுமிடத்தில் இருந்த தம் பண்ணை மேட்டில் மாட்டுக்காரர் உடையில் நின்று, பழைய நாடக மேடையின் ஏற்ற இறக்கங்களோடு பேசுகிறார். குதிரைமேல் விரையும்போது முகத்தில் அறையும் காற்றை, பின்னால் எழும் புழுதியை, தம் குதிரை ஃபிரிட்ஸை நினைந்து நினைந்து சொல்கிறார். குரல் தழுதழுக்கிறது. கையசைத்து விடைபெறுகிறார். பேசாப் படத்தில் பேசாமலே நிறைந்து நின்றவர், பேசும் வசதி வந்தபின் பேசியதெல்லாம் விடைபெறுதல் ஒன்றே. சொல்லை அடக்கி வைத்தவன் சொல்லுக்குள்ள கனத்தை அந்தச் சில நிமிடங்களில் நான் அறிந்தேன்.

இடம் தரப்படாதவர்

இதுவரை இரண்டு மௌனங்களைக் கண்டோம். ஒன்று நா எழாமையால் நேர்ந்தது. மற்றொன்று சொல்லை அடக்கியதால் நேர்ந்தது. ஆனால் இரண்டாம் படத்தில் மூன்றாவது மௌனம் ஒன்றும் உண்டு. முதல்முறை பார்த்தபோது எனக்கு அது கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. நிலத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதி மாணவர்க்கு விளக்க முற்பட்டபோதுதான் கேட்டது.

செரோக்கி ஸ்டிரிப். யார் அந்தச் செரோக்கி?

அந்த நிலம் செரோக்கி மக்களுக்கு உரியது. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த அவர்களை 1838-39ஆம் ஆண்டுகளில் படைகொண்டு மேற்கே துரத்தினர். ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாம்களிலும் மாண்ட அப்பயணத்தைக் கண்ணீர்ப் பாதை என்று வரலாறு குறிக்கிறது. இழந்த நிலத்துக்கு ஈடாக ஒப்பந்தப்படி கிடைத்தவற்றுள் ஒன்று இந்த மேய்ச்சல் நிலம். 1883 முதல் மாட்டுப் பண்ணையாளர் சங்கம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் குத்தகை தந்து, அவர்களிடமிருந்தே இதனைப் பெற்றது. 1890இல் மேய்ச்சலுக்கு அரசு தடை விதித்ததும் குத்தகை வருவாய் நின்றது. நெருக்கடிக்கு உள்ளான செரோக்கியர் 85 லட்சம் டாலர் அளவிலான தொகைக்கு நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். அதன் பிறகே அந்த நண்பகலும் பீரங்கியும் ஓட்டமும்.

கதையை நடத்திச் செல்லும் பாத்திரங்களில் ஒருவரும் செரோக்கியர் அல்லர். மாட்டுக்காரனின் இழப்புக்காகத் தொப்பிகள் கழற்றப்படுகின்றன. அவனுக்குக் குத்தகைக்கு விட்டவனின் இழப்புக்கு ஒரு தொப்பியும் அசையவில்லை. முந்தி நுழைந்தவன் திருடன் என்னும் அறம் படத்தில் மிக வலிமையாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்த நிலத்துக்கு எல்லாருக்கும் முந்தி உரியவனாய் இருந்தவன் யார் என்ற வினா எழவே இல்லை.

அவர்கள் பேச்சற்றவர்களா? எழுத்தற்றவர்களா? இல்லை. செக்வோயா என்னும் செரோக்கியர் தம் மொழிக்குத் தாமே ஓர் அசையெழுத்து முறையை 1821ஆம் ஆண்டு அமைத்துத் தந்தார். எந்த மொழியையும் படிக்கவோ எழுதவோ அறியாத ஒருவர், தம் மொழியின் ஒலிகளைக் காதால் பிரித்தறிந்து எழுத்துகளை வகுத்தார் என்பது உலக எழுத்து வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. சில ஆண்டுகளிலேயே மக்கள் அதனைப் பரவலாகக் கற்றனர். 1828இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்னும் செய்தித்தாள் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வெளிவந்தது. எழுத்தும் அச்சும் இதழும் பெற்றிருந்த ஒரு மக்களினத்துக்கு, அவர்கள் பெயர் தாங்கிய நிலத்தின் கதையில், பேச ஓர் எழுத்து அட்டை கிடைக்கவில்லை. எழுத்தின் அருமை அறிந்த தமிழர் அவைக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

இதைச் சொல்வதால் 'டம்பிள்வீட்ஸ்' தாழ்ந்த படம் ஆகிவிடாது. தொப்பி கழற்றும் காட்சி இப்போதும் என் நெஞ்சை அடைக்கிறது. ஆனால் ஒரு துயரத்தை அத்துணை அழகாகச் சொல்லும்போது, அந்த அழகே மற்றொரு துயரத்தை மறைக்கும் திரையாகிவிடலாம் என்பதை இந்தப் படம் எனக்குக் கற்பித்தது. கலைஞர்க்கும் கவிஞர்க்கும் இது எச்சரிக்கை. சொல்லாமல் விடுவது கவிதைக்கு அழகு என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். நானும் வகுப்பில் சொல்கிறேன். குறிப்புப் பொருளின் பெருமை அதுவே. ஆனால் சொல்லாமல் விட்டது படிப்பவர் உள்ளத்தில் எழுமாறு விடப்பட்டதா, அல்லது எழுதியவர் உள்ளத்திலேயே எழாமல் போனதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னது குறிப்பு, பின்னது மறதி. தாளில் இரண்டும் ஒரே வெற்றிடமாகத்தான் தோன்றும்.

பழைய கடன்

இனி அந்தக் கடன். பல ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, திக்குவாய் உடையவர். துறையில் நடந்த கவியரங்கத்துக்கு ஒரு கவிதை எழுதிவந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தவரை அந்தப் பேரோசையின் நடுவே தனக்குத் திக்குவதில்லை, தறி நின்ற வீட்டின் அமைதியில்தான் சொல் தடுக்கி விழுகிறது என்பது அதன் பொருள். இன்று நினைத்தாலும் அரிய கவிதை. அவர் மேடையேறினார். முதற்சொல்லே வரவில்லை. அவையில் சிலர் நெளிந்தனர், எவரோ சிரித்தனர். நான் எழுந்து சென்று, அவர் கையிலிருந்த தாளை வாங்கி, என் பயின்ற குரலில் கணீரென்று படித்தேன். பெருத்த கைதட்டல். அவர் தலைகுனிந்து என் அருகிலேயே நின்றார். அடுத்த கவியரங்கத்துக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

அன்று நான் செய்தது அருள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பேசாப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரையின் அருகே நின்று எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வோர் இருந்தனர். அவர்கள் வாய் பேசாத நிழல்களுக்குக் குரல் தந்தனர். நான் குரல் தந்தது நிழலுக்கன்று. தன் குரலைப் பற்றியே கவிதை எழுதிய ஓர் உயிருள்ள மனிதருக்குப் பதிலாக நான் பேசினேன். நா எழாமல் நின்றவரை இடம் தரப்படாதவராக மாற்றினேன். முதல் மௌனத்தைத் தீர்க்கப்போய் மூன்றாம் மௌனத்தில் தள்ளிவிட்டேன்.

ரயிலில் மேரி என்ன செய்தாள்? அவன் நூலை வாங்கித் தான் படிக்கவில்லை. அவன் வாக்கியத்தைத் தான் முடித்துவைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஒன்றே போதுமானதாய் இருந்தது. அந்தக் காட்சியை நான் முதன்முறை கண்டபோது மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தனர். எனக்கு அந்த மாணவரின் தலைகுனிந்த முகம் தெரிந்தது.

ஆகவே பதினோராம் ஆண்டில் காலடி எடுத்துவைக்கும் நம் வட்டத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். நம் கவியரங்குகளில் ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிக்கும் வழக்கம் இருக்கிறது. நீட்டி முழக்குவோர்க்கு அந்த மணி தேவைதான். என்னைப் போன்ற பேச்சாளர்க்கு இன்னும் தேவை. ஆனால் சொல் வராமல் நிற்பவர்க்கு அந்த மணியை அடிக்க வேண்டா. அவர் கவிதையை அவரே படித்து முடிக்கும்வரை காத்திருப்போம். பத்து நிமிடமாயினும் காத்திருப்போம்.

மற்றொன்று, இவ்விழா மலரையும் இனி வரும் தொகுப்புகளையும் கையில் எடுக்கும்போது, இதில் யார் பேசியிருக்கிறார்கள் என்பதோடு, யாருக்கு அட்டையே தரப்படவில்லை என்பதையும் எண்ணிப் பார்ப்போம். நாம் எந்த நிலத்தைப் பற்றிப் பாடுகிறோமோ, அந்த நிலத்துக்குரியவர் நம் அவையில் அமர்ந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்போம்.

அந்த மாணவர் இன்று எங்கிருக்கிறார் என்று அறியேன். இம்மலர் அவர் கைக்குக் கிட்டுமாயின், ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன்: அன்று கிடைத்த கைதட்டல் என்னுடையதன்று. அதை அவரிடம் ஒப்படைக்கவே இன்று இந்த மேடைக்கு வந்தேன்.